இடவப்பாதி மழையில் இடி ஏன்?

கேரளத்தில் பழைய ஆட்களைக் கேட்டால், இடவப்பாதி மழை, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அதிகம் சத்தம் போடாது, இடியெல்லாம் துலா மாத (நம் ஐப்பசி) மழைக்குத்தான் என்பார்கள். அந்தக் கணக்கு இப்போது தப்புகிறது. காரணம், மேகம் வளர்ந்துவிட்டது.

தென்மேற்குப் பருவக்காற்றின் வழக்கமான மேகம் குட்டை. பாய் விரித்ததுபோலக் கிடந்து, மலையில் மோதி நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும். அதன் மிச்சம்தான் மலை தாண்டி நம் குற்றாலத்துக்குச் சாரலாக வருவது.

அரபிக் கடல் இப்போது சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். சரி, ஈரம் கூடினால் மழை கூடட்டும். மேகம் ஏன் வளர வேண்டும்? இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் சுரீரென்று சுடுகிறதே, அதே சங்கதிதான். ஆவி தண்ணீராகும்போது, முன்பு விழுங்கிய வெப்பத்தைக் கக்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஆவி துளியானால், வெளிவரும் வெப்பத்தில் ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சூட்டில் காற்று லேசாகி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் இன்னும் ஆவி துளியாகும். தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு.

நம் பக்கத்து வானில் சுமார் 5 கிலோமீட்டர் தாண்டினால் உறைகுளிர். அதற்கும் மேலே பனித்துகளும் ஆலங்கட்டிக் குருணையும் மோதி மின்னேற்றம் பிரிகிறது. மின்னல், அப்புறம் இடி. 2019 ஆகஸ்ட் வெள்ளத்தை ஆராய்ந்த கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நெட்டை மேகங்களைத்தான் கண்டார்கள். அந்த மாதம் மலை சரிந்ததற்கான பழியை எல்லாம் மேகத்தின் தலையில் கட்ட முடியாது. சரிவை வெட்டியவர்களுக்கும் பங்குண்டு.

மொத்த மழை பெரிதாகக் கூட வேண்டியதுகூட இல்லை. மத்திய இந்தியாவின் 1951 முதல் 2000 வரையிலான பதிவுகளில் கனமழை கூடியது, மிதமழை குறைந்தது, பருவத்தின் கூட்டுத்தொகை ஏறக்குறைய அப்படியே நின்றது.

நெட்டை மேகம் இடமும் பார்த்துப் பெய்யும். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே கொலாபாவில் 73. கொலாபா பதிவேட்டை மட்டும் புரட்டினால், அது சாதாரண ஜூலை மழை நாள்.