குவாண்டம் புள்ளி ஆராய்ச்சியில் பிஎச்டி: மேரி கியூரி இடங்களுக்கு யார் விண்ணப்பிக்கலாம்?

தூய ஆற்றல், வினையூக்கம் (வேதிவினையை வேகப்படுத்துவது) இரண்டுக்கும் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகள் (பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து பிஎச்டி இடங்கள் தரும் திட்டங்கள்) அருமையான வழி. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு இல்லை. ஆனால் ஏற்கெனவே பிஎச்டி முடித்திருக்கக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது இடப்பெயர்வு விதியில். வேலையில் சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, பணிபுரிந்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. முடித்த கையோடு அங்கேயே உள்ள இடத்துக்குப் போட்டால் செல்லாது. அதே வலையமைப்பில் நெதர்லாந்தில் ஓர் இடம் இருந்தால் தாராளமாகப் போடலாம். விடுமுறைக்குப் போய்வந்த நாட்கள் கணக்கில் வராது. விண்ணப்பிக்கும் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சேரும் நாள்தான் முக்கியம்.

அப்புறம் பணம். இது முழுநேர வேலை ஒப்பந்தம். 2023-24 திட்டத்தில் வாழ்க்கைப்படி மாதம் 3,400 யூரோவாக இருந்தது, அதுவும் நாட்டின் விலைவாசிக்கேற்பக் கூடும், குறையும். இடப்பெயர்வுப்படி 600, குடும்பம் இருந்தால் இன்னொரு 660 என்று அப்போது இருந்தது. ஆனால் நிறுவனம் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்கும் இந்தத் தொகைக்குள்தான் அடங்கும். எனவே கைக்கு எவ்வளவு வரும் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வேலை எப்படி இருக்கும்? சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தினால் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் உருவாகும். காட்மியம் செலினைடு என்றால் துகள் வளர வளர குடுவையின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். எந்த ஒளியை உறிஞ்சும் என்பதைத் துகளின் அளவே தீர்மானிக்கிறது. அந்த ஒளியாற்றலைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பதும் கார்பன் டை ஆக்சைடைப் பயனுள்ள சேர்மமாக்குவதும்தான் இலக்கு. இத்தகைய துகள்களில் பயன்படும் காட்மியமும் ஈயமும் நச்சு என்பதால் இந்தியம் பாஸ்பைடு போன்ற மாற்றுகள் மீது இப்போது அக்கறை அதிகம். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

பயிற்சிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேறு ஆய்வகத்திலோ நிறுவனத்திலோ கழிக்கலாம்.

விண்ணப்பத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வோர் இடமும் ஆராய்ச்சியாளர்களுக்கான ஐரோப்பிய வேலைவாய்ப்புத் தளமான யூராக்ஸஸில் தனித்தனியாக அறிவிக்கப்படும், அந்தந்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதற்கான சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.