புண்ணுக்கும் தெரியும் எதிர்ப்புச் சக்தி

வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைய வேண்டும். அந்தப் பாட்டிக்கு ஒன்றரை விரல்தான் போனது. இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம். நடுவே விளிம்பு தடித்த புண். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி ஓய்ந்தவர்.

"நாலு மாசமா இருக்கு டாக்டர். சக்தி ஏறினா தானா ஆறிடும்னாங்க" என்று மகன் ஒரு டப்பாவை மேசையில் வைத்தார். எதிர்ப்புச் சக்திப் பொடி. விலையைக் கேட்டு எனக்கு வாயடைத்துப் போனது.

இப்படிப்பட்ட புண் வாய்ப் புற்றாகவும் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி என்னவோ நம் பக்கம் மட்டுமே இருப்பதாக நினைக்கிறோம். வாய்ப் புற்றுச் செல்களை ஆய்வுக்கூடத்தில் குடுவையில் வளர்க்கிறார்கள். மலேசிய நோயாளிகளின் கட்டியிலிருந்தே அப்படி வளர்த்த செல் வரிசைகள் உண்டு. 37 டிகிரி சூடு, ரோஸ் நிறத் திரவம். செல்கள் பெருகப் பெருகத் திரவம் மஞ்சளாகும். அதை வடித்துச் சோதித்தால் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 கிடைக்கும். இரண்டும் நோய் எதிர்ப்புப் படை தனக்குள் சேதி சொல்லிக்கொள்ளும் புரதங்கள். குடுவையில் வெள்ளணு ஒன்றுகூடக் கிடையாது. சுரந்தது புற்றுச் செல்லேதான். தான் பெருகவும், புது இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுக்கவும் அவை அதற்கு உதவுகின்றன.

அடுத்தது இன்னும் மோசம். டி செல்கள் (புற்றைத் தாக்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) தாக்கும்போது விடுகிற இன்டர்ஃபெரான்-காமா என்ற சேதிப் புரதத்தை அதே குடுவையில் ஊற்றினால், பல புற்றுச் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை மேலே ஏற்றிக்கொள்ளும். வந்த டி செல்லிடம் 'பெரட்டு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்பு) முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ' என்று சொல்வதுபோல. அடி பலமானால் கேடயமும் தடிக்கிறது. டி செல்லின் பக்கம் இந்தச் சேதியை வாங்கும் பிடி-1ஐக் கண்டறிந்த தசுக்கு ஹொஞ்சோவுக்கு 2018இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிடி-1ஐத் தடுக்கும் பெம்புரோலிசுமாப் போன்ற மருந்தை ஆஸ்பத்திரியில், ஆள் பார்த்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். டப்பாவில் கரண்டி போட்டுக் கலக்குகிற சமாச்சாரம் இல்லை.

(புற்றுச் செல்லின் இந்தக் குணத்தை மனிதனும் பயன்படுத்தியிருக்கிறான். நமால்வா என்ற லிம்போமா (நிணநீர்ப் புற்று) செல்களை வளர்த்து இன்டர்ஃபெரான் மருந்தே தயாரித்தார்கள்.)

"வெத்தலையில நான் பொகையில வைக்கிறதில்லையே தம்பி" என்றார் பாட்டி. எல்லாரும் சொல்வதுதான். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வெளியிட்டுவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர்களிடம், அதிலும் வெற்றிலை போடும் பெண்களிடம், அதிகம்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் இறுகுவது: இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்கு வாருங்கள். பாட்டிக்குப் பயாப்சிக்கு (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எழுதிக் கொடுத்தேன். மகன் டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டார். எறிய மனசு வரவில்லை போலும்.