ஹயலீயா கணக்கும் கிசிமி கணக்கும்

டாக்ஸ் சீசன் முடிந்து கொஞ்சம் மூச்சுவிடும் ஏப்ரல் கடைசியில் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஓர் அட்டவணை அனுப்பினார். அமெரிக்காவில் வாழும் ஸ்பானிஷ் வம்சாவளிச் சமூகங்களின் குடும்ப வருமானம், வறுமை விகிதம், எத்தனை பேருக்குச் சொந்த வீடு என்றெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தது. கீழே அவருடைய கேள்வி: "கட்டிய துணியோடு வந்த கியூபாக்காரன் மேலே நிற்கிறான், பிறக்கும்போதே அமெரிக்கக் குடியுரிமை உள்ள போர்ட்டோ ரிக்கோக்காரன் கீழே இருக்கிறான். உழைப்புதானே வித்தியாசம்?"

நாலு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. ஃப்ளோரிடாவில் வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் எனக்கு 14 வருடமாகத் தொழில். முதல் ஐந்து வருடம் மயாமியை ஒட்டிய ஹயலீயாவில், அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கியூபர்கள். அப்புறம் ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிசிமியில், இங்கே வருபவர்கள் பெரும்பாலும் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், அதாவது அமெரிக்க ஆட்சியில் இருந்தும் மாநிலமாக இல்லாத தீவிலிருந்து வந்தவர்கள். இரண்டு பக்கத்துச் சம்பளச் சீட்டும் வீட்டுப் பத்திரமும் கடன் அட்டை பில்லும் என் மேஜை மேல் விரிந்திருக்கின்றன. அதை வைத்துச் சொல்கிறேன். வாடிக்கையாளர்களைப் பற்றிய விவரங்களை ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஹயலீயாவில் எனக்கு ஒரு பாட்டி வாடிக்கையாளர். ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரு கொலாடாவோடு வருவார், சுண்டக் காய்ச்சிய சர்க்கரைக் காப்பியை விரல் நுனி அளவுக் கோப்பைகளில் ஆபீஸ் முழுக்க ஊற்றிக் கொடுப்பார், என்னை "மிஹா" என்பார், நம்மூரில் "கண்ணு" என்பதுபோல. 1968இல் கியூபாவின் வரதேரோவிலிருந்து மயாமிக்கு விமானத்தில் வந்தவர். 1965 கடைசியிலிருந்து 1973 வரை இப்படி ஓடிய விமானங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபர்கள் வந்தார்கள். செலவு அமெரிக்க அரசுடையது. ஹயலீயாவின் தையல் ஆலைகளில் முப்பது வருடம் மிஷின் மிதித்தார். 1974இல் புருஷனும் அவரும் சேர்ந்து 28,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார்கள். இன்று புருஷன் இல்லை. வருமானம் என்று பார்த்தால் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் மட்டும்தான், ரிட்டர்ன் போடவே தேவையில்லை, ஆனாலும் பழக்கத்தில் வருகிறார். வருமான அட்டவணையில் இவர் ஏழை. ஆனால் வீட்டுக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பீட்டை வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஃப்ளோரிடாவில் 1995 முதல் விதி இருப்பதால், சந்தை விலை எங்கேயோ போனாலும் அவருடைய சொத்து வரி தரையோடு தரையாகக் கிடக்கிறது.

கிசிமியில் இன்னொரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். 2017 செப்டம்பர் 20இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்கில் யபுகோவா பக்கம் கரையேறியது. அவர் வீடு அந்த வட்டாரத்தில்தான், கூரை போய்விட்டது. அக்டோபரில் இங்கே வந்து, அரசு வாடகை கொடுத்த மோட்டல் அறையில் மாதக்கணக்கில் இருந்து, ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். சம்பளம் அப்போதே வறுமைக் கோட்டுக்கு மேல். அதாவது அட்டவணைப்படி இவர் அந்தப் பாட்டியைவிட வசதியானவர்! கையிருப்பு என்று பார்த்தால் ஒரு பழைய கார், அதற்கும் 19 சதவீத வட்டியில் கடன்.

இவருடைய பாட்டியும் தையல்காரிதான், பேச்சுவாக்கில் தெரிந்தது. 1950களில் விமான டிக்கெட் மலிவானபோது சான் ஹுவானிலிருந்து நியூயார்க் போய், மன்ஹாட்டன் ஆடை ஆலை ஒன்றில் துண்டுக்கு இவ்வளவு என்று தைத்தவர். அங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நியூயார்க்கின் ஆடை ஆலைகள் 60களிலிருந்து மூட்டை கட்ட ஆரம்பித்தன. அவற்றின் முதலாளிகளில் சிலர் குறைந்த கூலி தேடி தெற்கே வந்து இறங்கிய இடங்களில் ஒன்று ஹயலீயா, அங்கே அவர்களுக்குக் கிடைத்தவர்கள் அப்போதுதான் வந்திறங்கிய கியூபப் பெண்கள். ஒரே தொழில், ஒரே மிஷின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி வளர்கிற ஊரில் வேலைக்குச் சேர்ந்தார், இன்னொரு பாட்டி வேலைகள் வெளியேறிக்கொண்டிருந்த ஊரில் மாட்டிக்கொண்டார். 70களில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் கட்டடம் கட்டடமாக எரிந்தபோது அங்கே வாடகைக்கு இருந்தவர்களில் பெரும் பங்கு போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். வாடகை வீடு எரிந்தால் பேரப்பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

யார் வந்தார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு முதலில் கிளம்பியவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஆலை முதலாளிகள், வங்கி அதிகாரிகள், பெரும்பாலும் வெள்ளை நிறத்தவர். பணத்தை விட்டுவிட்டு வந்தார்கள், படிப்பையும் பழக்கவழக்கத்தையும் விட்டுவிட்டு வர முடியாதே. மயாமியில் கியூப வங்கியாளர்கள் ஈடு எதுவும் கேட்காமல், "ஹவானாவில் இவரை எனக்குத் தெரியும், நாணயமானவர்" என்ற ஒரே உத்தரவாதத்தில் கடை வைக்கக் கடன் கொடுத்த கதை அங்கே பிரசித்தம். நம் பக்கத்து வட்டிக்கடைகளிலும் மண்டிகளிலும் நடந்ததுதான் அது, முகத்துக்கு மதிப்பு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அப்போது கிளம்பியவர்களில் நிறையப் பேர் கரும்புத் தோட்டக் கூலிகள். அவர்கள் முகத்தை நியூயார்க்கில் எந்த வங்கி மேனேஜருக்குத் தெரியும்?

இதற்கெல்லாம் மேல், நான் தினமும் கையில் பிடிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது: காகிதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கியூபர்களுக்கு 1961இலேயே தனி அகதிகள் திட்டம் வந்துவிட்டது. உதவித்தொகை, மருத்துவம், மாணவர் கடன், தொழில் பயிற்சி என்று ஏறக்குறைய நூறு கோடி டாலர் அளவுக்கு, அதுவும் அந்தக் காலத்து டாலர், செலவானது. கியூப டாக்டர்கள் இங்கே லைசென்ஸ் வாங்க மயாமி பல்கலைக்கழகத்தில் தனி வகுப்பே நடந்தது. 1966இல் வந்த கியூபர் சட்டம், முறையாகவோ, பரோல் என்ற தற்காலிக அனுமதியிலோ உள்ளே விடப்பட்ட கியூபருக்கு முதலில் இரண்டு வருடத்தில், பின்னால் ஒரே வருடத்தில், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி செய்தது. கிரீன் கார்டுக்காக இருபது வருடம் வரிசையில் நிற்கும் நம்மாட்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு 1917இலேயே குடியுரிமை. சரி, அது பெரிய காகிதம்தானே என்றால், அது எங்கே செல்லும் எங்கே செல்லாது என்று பார்க்க வேண்டும். வயதான அல்லது உடல் ஊனமுற்ற ஏழைகளுக்கு மத்திய அரசு மாதாமாதம் கொடுக்கும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை போர்ட்டோ ரிக்கோவில் வசிப்பவருக்குக் கிடையாது. நியூயார்க்கில் அதை வாங்கிக்கொண்டிருந்த வாயேயோ மதேரோ என்பவர் 2013இல் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் குடிபெயர்ந்தார். விஷயம் தெரிந்ததும் தொகையை நிறுத்தியதோடு, வாங்கிய 28,000 டாலருக்கு மேல் திருப்பிக் கட்டு என்று அரசு வழக்கே போட்டது. உச்ச நீதிமன்றம் 2022இல் 8-1 என்ற கணக்கில், தீவுக்கு இந்த உதவியை மறுப்பது அரசியல் சாசனப்படி செல்லும் என்றது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி சோனியா சோட்டோமயோர், பிராங்க்ஸில் பிறந்த போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பெண். இதே எஸ்எஸ்ஐயை, குடிமகனே அல்லாத, பரோலில் உள்ளே வந்த ஒரு வயதான கியூபர் மயாமியில் வாங்க முடியும். அவருக்குத் தனி விதிவிலக்கு இருக்கிறது. கியூபர் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை, வாங்கட்டும். போர்ட்டோ ரிக்கோவின் போன்சேயில் இருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

கிசிமிப் பெண்ணின் 2017ஆம் வருட ரிட்டர்னை நான்தான் போட்டேன். அவர் நீட்டிய சம்பளச் சீட்டு நாம் பார்த்துப் பழகிய டபிள்யூ-2 இல்லை, 499ஆர்-2 என்று தொடங்கும் போர்ட்டோ ரிக்கோ படிவம். முழுக்க ஸ்பானிஷ் வாடை, பெட்டிகளின் வரிசையும் வேறு. பக்கத்து மேஜையில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டு வருமானமா அக்கா?" என்றான். படித்த பையன்தான்! இல்லையப்பா, அமெரிக்கா. ஆனால் முழுசாக அமெரிக்காவும் இல்லை. குறைந்த சம்பளக்காரருக்கான வரிக் கழிவு, நாங்கள் இஐடிசி என்போம், அந்த வருடம் இரண்டு பிள்ளை உள்ளவருக்கு அதிகபட்சம் 5,616 டாலர் வரை கிடைத்தது. ஏழைக் குடும்பத்துக்கு அதுதான் வருடத்தின் ஒரே மொத்தத் தொகை, அட்வான்ஸ் வாடகையும் கார் ரிப்பேரும் அதில்தான் நடக்கும். அதற்குப் பிள்ளைகள் பாதி வருடத்துக்கு மேல் 50 மாநிலங்களிலோ வாஷிங்டன் டிசியிலோ இருந்திருக்க வேண்டும். அக்டோபரில் வந்தவருக்கு எங்கே கிடைக்கும்? புயல் ஏப்ரலில் அடித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. குழந்தைகளுக்கான வரிக் கழிவும் தீவில் இருப்பவர்களுக்கு 2021க்கு முன்புவரை மூன்று பிள்ளை இருந்தால்தான். சட்டம் மாறி இப்போது ஒரு பிள்ளைக்கும் கிடைக்கிறது, ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் கிடைக்கும் என்பதே தீவில் இருக்கும் நிறையச் சொந்தங்களுக்குத் தெரிவதில்லை. கிசிமியில் இருப்பவர்களிடம், ஊருக்கு போன் போடும்போது இதைச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறேன்.

தீவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அங்கே இருந்த 936 என்ற வரிச் சலுகையை 1996இல் எடுத்துவிட முடிவு செய்து, பத்து வருடத்தில் படிப்படியாக எடுத்தார்கள். அது முடிந்த 2006லிருந்து பொருளாதாரம் சரிவுதான். கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டி, 2017 மே மாதம் திவால் வழக்கு, நாலு மாதத்தில் மரியா. 2022இல் தீவின் இடைநிலை (மீடியன்) குடும்ப வருமானம் சுமார் 24,000 டாலர், மிகப் பின்தங்கிய மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பியில் பாதிகூட இல்லை. இதற்கு நடுவே 2012இல், வெளியிலிருந்து வந்து குடியேறும் பணக்காரர்களுக்கு மூலதன ஆதாய வரி பூஜ்யம் என்று தீவு அரசே சட்டம் போட்டது. உள்ளூரிலேயே வாழ்ந்து வந்தவருக்கு அது கிடையாது. ஐடி பங்குகளை வைத்திருக்கும் நம்மாட்கள் வருடத்துக்கு ரெண்டு பேராவது, "அங்கே வீடு எடுத்துத் தங்கினால் வரி மிச்சமாமே?" என்று கேட்டு வருகிறார்கள்.

மறுபடி அட்டவணைக்கு வருவோம். குடும்ப வருமானம் என்பது ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லோருடைய சம்பளத்தின் கூட்டல். ஹயலீயாவில் பாட்டி, மகன், மருமகள், வேலைக்குப் போகும் பேத்தி என்று நாலு பேர் ஒரே முகவரியில் இருப்பது சாதாரணம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயின் ஒற்றைச் சம்பளத்தை அதோடு நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும்? வயதையும் பாருங்கள்: அமெரிக்கக் கியூபர்களின் இடைநிலை வயது நாற்பதை ஒட்டி, போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினருக்கு முப்பதை ஒட்டி. நாற்பது வயதுக்காரன் முப்பது வயதுக்காரனைவிடக் கூட வாங்குவதற்குக் கலாச்சாரக் காரணம் எதற்கு? ஃப்ளோரிடாவுக்கு வந்த போர்ட்டோ ரிக்கோக்காரர்களில் படித்த நடுத்தர வர்க்கத்தினரும் உண்டு, எனக்கு வரும் நர்ஸ்களும் ஆசிரியர்களும் நல்ல நிலையில்தான் இருக்கிறார்கள்.

இந்தியர்கள்தான் வருமானத்தில் முதலிடம் என்று நாம் மார்தட்டுவதும் இதே கணக்குதான். ஹெச்1பி வேலை விசா சல்லடையில் சலித்து எடுத்த ஆட்களை ஊர் சராசரியோடு ஒப்பிட்டால் முதலிடம் வராமல் என்ன வரும்?

"கியூபர்" என்பதும் ஒற்றை ஆள் இல்லை. 1980இல் மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்த சுமார் 1,25,000 பேரில் முன்பு வந்தவர்களைவிடக் கறுப்பர்களும் கூலித் தொழிலாளிகளும் அதிகம். அவர்களை மயாமியின் பழைய கியூபர்களே ஏற இறங்கப் பார்த்தார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கியூபர்கள் எல்லையில் பதிவானார்கள். அதில் பலருக்குப் பரோல் தராமல் ஐ-220ஏ என்ற விடுவிப்புக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அது பரோலுக்குச் சமமில்லை என்று 2023இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டதால், 1966 சட்டத்தின் கதவு அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது.

பாட்டியின் அக்கா பேரன் அப்படி வந்தவன்தான். ஹவானாவில் இன்ஜினீயர், இங்கே ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். பாட்டி தன் கார் கராஜைத் தடுத்து, ஒரு சிங்க், ஒரு ஹாட் பிளேட், ஜன்னல் ஏசி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஹயலீயாவில் அதற்கு "எஃபிஷியன்சி" என்று பெயர், தெருவுக்குப் பத்து இருக்கும், முக்கால்வாசி அனுமதி இல்லாதவை. போன பிப்ரவரியில் இரண்டு பேரும் சேர்ந்து ஹயலீயாவிலிருந்து கிசிமிவரை காரோட்டி வந்தார்கள், புது ஆள் எவர் மேலும் பாட்டிக்கு நம்பிக்கை இல்லை. அவன் காகிதங்களைப் பார்த்துவிட்டு, நோட்டரி போர்டு மாட்டிய கடை எதற்கும் போகாதே, அவர்கள் ஊர் நோட்டாரியோபோல இங்கே நோட்டரி வக்கீல் இல்லை, நல்ல குடியேற்ற வக்கீலைப் பார் என்று சொன்னேன். அப்புறம் பாட்டியிடம் வழக்கமான கேள்வி, வேறு ஏதாவது வருமானம்?

"இவன் மாசம் 700 கொடுக்கிறான், மிஹா. சொந்தப் பிள்ளைதானே, அதெல்லாம் வாடகையா?"

வாடகைதான் அபுவேலா (ஸ்பானிஷில் பாட்டி) என்றேன். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை மாதம் என்று கேட்டேன். பதினொன்று என்றான் அவன், பன்னிரண்டு என்றார் பாட்டி.