எண்கள் சரி, அறிக்கை எங்கே சாய்கிறது?

மாரி மழையோடு மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பில் டெங்கு ஏறும். அப்போது வெளிவரும் அறிக்கைகளில் கூட்டல் கழித்தல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சாய்வு புகுவது எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான். இலங்கையில் 2017இல் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். கொவிட் முடக்கங்கள் இருந்த 2020இல் சுமார் 31,000 பேர்தான். 2017ஐ வைத்துப் பார்த்தால் மோசமான ஆண்டும் நல்ல ஆண்டாகிவிடும். 2020ஐ வைத்தால் வழமையான ஆண்டும் பேரிடராகத் தெரியும். அதே மாதத்தின் முந்தைய ஐந்து ஆண்டு எண்ணிக்கைகளின் இடையத்தோடு, அதாவது சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணோடு, ஒப்பிடுங்கள். அந்த ஐந்தையும் அட்டவணையில் காட்டுங்கள்.

வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகையை மாவட்டத்தின் தொகையாக எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அம்பாறைப் பக்கத்து நோயாளரும் வருகிறார்கள். வசிப்பிடப்படி பிரித்த பிறகே பிரதேசங்களை ஒப்பிடலாம். கடைசி ஓரிரு வாரங்களின் நோயாளர் பற்றிய அறிவித்தல்கள் தாமதமாக வந்து சேர்வதால், வரைபின் வலது முனை எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். அதைப் பார்த்து "குறையத் தொடங்கிவிட்டது" என்று எழுதக் கூடாது.

வருமானம் போன்றவற்றை அறிய வீட்டுக்கு வீடு போகும் கணக்கெடுப்பில் ஆபத்து இதைவிடப் பெரிது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக நெல் அறுவடை நேரம் காலை 10 மணிக்குப் போனால் கூலிக்குப் போனவர்களின் வீடு பூட்டிக் கிடக்கும். களப்பணியாளர் பக்கத்து வீட்டில் படிவத்தை நிரப்பிவிடுவார். தொகை நிறையும், விடுபட்டவர்களோ யாருடைய வருமானத்தை அறியப் போனோமோ அவர்களேதான். ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும், அதில் ஒன்று மாலையில், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. தெரிவான வீடுகள், பூட்டியிருந்தவை, மறுத்தவை, பதில் தந்தவை என்ற நான்கு எண்களும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னிணைப்பில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

சிறிய தொகைகளில் சதவீதம் ஏமாற்றும். ஒரு கிராம சேவகர் பிரிவில் 30 சதவீதம், அடுத்ததில் 40 சதவீதம் என்றால் பெரிய இடைவெளி போலிருக்கும். இரண்டிலும் 40 வீடுகள்தான் பார்த்திருந்தால், உண்மையில் அது 12 வீடும் 16 வீடும். நான்கு வீட்டு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. சதவீதத்தின் பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதினால் வாசிப்பவரே எடைபோடுவார். சலாகை வரைபின் (பட்டை வரைபின்) அச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும்.

பிறகு சொற்கள். "30 சதவீதத்தினர் மட்டுமே" என்பதும் "30 சதவீதத்தினர் வரை" என்பதும் ஒரே எண்தான், தீர்ப்பு வேறு. ஆங்கில அறிக்கை தமிழாகும்போது "கிணற்று நீர் பாவிக்கும் வீடுகளில் வயிற்றோட்டம் கூடுதலாகக் காணப்பட்டது" என்பது "கிணற்று நீரே காரணம்" என்று மாறிவிடுகிறது. அந்த வீடுகளில் மலசலகூட வசதியும் குறைவாக இருந்ததா என்று பார்க்காமல் இதை எழுதுவது மக்களுக்குச் செய்யும் அநியாயம். கிணற்றை மூடிவிட்டு எங்கே போவார்கள்?

தரவு வருமுன்பே வெற்று அட்டவணைகளை வரைந்து வையுங்கள், எதிர்பாராத முடிவு வந்தாலும் அந்தக் கட்டங்களை நிரப்பியே ஆக வேண்டிவரும். வெளியிடுமுன், அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம் அட்டவணையை மட்டும் கொடுத்து இரண்டு வசனம் எழுதச் சொல்லுங்கள். அவருடைய வசனமும் உங்கள் தலைப்பும் ஒத்துவராவிட்டால் தலைப்பைத்தான் மாற்ற வேண்டும்.