ஆளில்லாத சோலையும் கணக்கில் உண்டு

‘கள ஆய்வின்போது இப்பகுதியில் மேற்படி உயிரினம் காணப்படவில்லை.’ சுற்றுச்சூழல் அறிக்கைகளில் இந்த வரி அடிக்கடி வரும். அடுத்த பத்தியிலேயே ‘எனவே பாதிப்பு ஏதும் இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். காட்டுத் திட்டுகளுக்கு இடையே உயிரினங்கள் எப்படிப் பரவுகின்றன என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது என் தொழில். அந்த ‘எனவே’ எத்தனை உயிர்களைக் காவு வாங்கக்கூடியது என்பதைக் கணக்கோடு சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1969இல் ரிச்சர்ட் லெவின்ஸ் என்ற சூழலியலாளர் மிக எளிய சமன்பாடு ஒன்றை எழுதினார். ஒரு வட்டாரத்தில் ஓர் உயிரினம் வாழத் தகுந்த திட்டுகள் பல உண்டு. சிலவற்றில் அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருக்கிற இடத்திலும் வறட்சி, நோய், தீ என்று ஏதோ ஒரு காரணத்தால் அவ்வப்போது அற்றுப்போகும். அப்புறம் வேறொரு திட்டிலிருந்து சில வந்து மறுபடி குடியேறும். அற்றுப்போகும் வேகத்துக்கும் குடியேறும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்துத்தான் எத்தனை திட்டுகளில் உயிரினம் இருக்கும் என்பது அமையும்.

அந்த விகிதம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 100 திட்டுகள் இருந்தால் நாளடைவில் 70இல் உயிரினம் இருக்கும், 30 காலியாக இருக்கும். இப்போது காலியாக இருக்கிற அந்த 30ஐ மட்டும் அழிக்கிறோம். ஒரு விலங்கைக்கூடத் தொடவில்லை. மீதி 70உம் அப்படியே இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், கொஞ்ச காலத்தில் அந்த 70இல் 40இல்தான் உயிரினம் மிஞ்சுகிறது, மறுபடி 30 காலி. அந்த 30ஐயும் அழித்தால் மிச்சம் 40 திட்டு, உயிரினம் இருப்பது 10இல். இன்னும் 10 திட்டு போனால் கதை முடிந்தது. நல்ல காடு 30 திட்டுகளில் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருக்கும், அந்த உயிரினம் மட்டும் எதிலும் இருக்காது.

காரணம் சிக்கலானது இல்லை. பிறந்த திட்டை விட்டுக் கிளம்புகிற குட்டிக்கோ குஞ்சுக்கோ விதைக்கோ போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இன்று காலியாக இருக்கும் திட்டுதான் அந்த இடம். அதை எடுத்துவிட்டால் அற்றுப்போவது முன்போலவே நடக்கும், திரும்பக் குடியேறுவது மட்டும் குறைந்துகொண்டே வரும். இந்தச் சரிவு உடனே கண்ணில் படாது என்பதுதான் கொடுமை. திட்டை அழித்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கணக்கெடுப்பு நன்றாகவே இருக்கும்.

லெவின்ஸின் சமன்பாட்டில் எல்லாத் திட்டும் ஒரே அளவு, எல்லாம் ஒன்றுக்கொன்று சம தூரம். நிஜத்தில் அப்படி எங்கும் இல்லை. பின்லாந்தின் சூழலியலாளர் இல்க்கா ஹான்ஸ்கி, திட்டின் பரப்பையும் தூரத்தையும் சேர்த்து 1994இல் ஒரு மாதிரியைக் கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஓலந்து தீவுகளில் வாழும் கிளான்வில் ஃப்ரிட்டிலரி என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியை. அங்கே அதற்கேற்ற சிறு புல்வெளிகள் சுமார் 4,000 உண்டு. இலையுதிர் காலத்தில் அதன் புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து, தாம் தின்னும் செடியிலேயே வெள்ளைப் பட்டு நூலால் கூடு பின்னி, குளிர்காலம் முழுக்க அதற்குள் கிடக்கும். 1993 முதல் ஆண்டுதோறும் மாணவர்கள் புல்வெளி புல்வெளியாகக் குனிந்து தேடி இந்தக் கூடுகளை எண்ணிவருகிறார்கள். எந்த ஆண்டிலும் கூடு இருப்பது சில நூறு புல்வெளிகளில்தான், பெரும்பாலானவை காலி. எவை காலி என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓர் ஆண்டில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, காலியானவற்றில் எல்லாம் வீடு கட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தீவில் இன்று அந்தப் பூச்சி இருந்திருக்குமா?

சரி, நம் ஊருக்கு வருவோம். வால்பாறை பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். எஸ்டேட்டுகளுக்கு நடுவே விட்டுப்போன சோலைகள் இன்றும் துண்டுதுண்டாக நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் போன்ற பெரிய காடுகள் இருப்பதால், ‘இந்தச் சின்னச் சோலையில் என்ன இருந்துவிடப் போகிறது’ என்ற பேச்சை இங்கே சுலபமாகக் கேட்கலாம்.

வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் சோலையைப் பாருங்கள். சிங்கவால் குரங்குகள் அங்கே இருக்கின்றன, கணக்கெடுத்தால் ‘உண்டு’ என்றுதான் வரும். ஆனால் இந்த இனத்தில் பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும், வளர்ந்த ஆண்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். அது போக வழி இல்லையென்றால் ‘உண்டு’ என்பது மட்டும் போதாது. கிளைக்குக் கிளை தாவிப் போகிற விலங்கு அது. திறந்த தேயிலைச் சரிவும் தார்ச்சாலையும் அதற்கு எப்படிப்பட்ட தடை என்பதை, சாலையில் அடிபட்டுச் செத்த குரங்கைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். குரங்குகள் அதில் நடந்து போவதைப் பார்க்கும்போது, என் திரையில் ஒரு சாலைக்குக் கொடுத்த தடை மதிப்பு கண்முன்னே குறைகிறது.

தடை மதிப்பு என்று சொன்னதை விளக்கிவிடுகிறேன். நிலப்படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடப்பது அந்த விலங்குக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஓர் எண் கொடுப்போம். அந்த எண் விலங்குக்கு விலங்கு மாறும். நிழல் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டத்தைச் சிங்கவால் குரங்கு கடந்துவிடும். மலை இருவாச்சி தேயிலைக்கு மேலே பறந்து போய் அடுத்த சோலையில் விதை போட்டுவிடும். யானை தேயிலைக்குள் இரவில் தாராளமாக நடக்கும், ஆனால் பகலில் ஒதுங்க ஆற்றோர மரங்களும் சோலையும் வேண்டும். ஈரச் சருகில் வாழும் தவளையையோ தடுத்து நிறுத்த வெயில் காயும் சரிவு ஒன்றே போதும், அதற்கு மேல் நகராது. ஆகவே ‘இந்த வழித்தடம் இணைந்திருக்கிறதா?’ என்று என்னிடம் கேட்பவரிடம், ‘எந்த உயிருக்கு?’ என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

அப்புறம் இன்னொன்று. அந்தத் தடை எண்களைக் கூட்டினால் எந்தப் பாதையில் மிகக் குறைவாக வருகிறதோ, அதைக் கணினி ஒற்றைக் கோடாக வரைந்து கொடுக்கும். அதிகாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் அந்தக் கோடு ரொம்பப் பிடிக்கும். ‘எந்தெந்த சர்வே நம்பரை விட்டால் போதும்?’ என்று அதை வைத்துத்தான் கேட்பார்கள். கோட்டுக்கு வெளியே உள்ளதெல்லாம் வேண்டாததாகிவிடும். 2000களின் நடுவில் பிராட் மெக்ரே என்ற சூழலியலாளர் மின்சுற்றுக் கணக்கை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் கிடைக்கிற எல்லா வழியிலும் பாய்வதுபோல், விலங்குகளின் நடமாட்டமும் எல்லா வழிகளிலும் பங்கிடப்படுவதாக எடுத்துக்கொள்ளும் முறை அது. ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி இருக்கிறதா, எந்த இடத்தில் ஒரே ஒரு குறுகலான வழிதான் மிஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். இந்த இரண்டு முறைகளையும் போட்டுப் பார்க்காமல் நான் எந்தப் படத்தையும் கையிலிருந்து கொடுப்பதில்லை.

உங்கள் பகுதியில் ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்ற வரி வரும் இடங்களைத் தேடுங்கள். எத்தனை ஆண்டுகள், எந்தெந்தப் பருவத்தில் பார்த்தார்கள்? அந்த உயிரினம் இருக்கிற அடுத்த திட்டு எவ்வளவு தூரம், இடையில் என்ன இருக்கிறது? இந்தத் துண்டை எடுத்துவிட்டால் எந்த இரண்டு திட்டுகளுக்கு நடுவே தூரம் கூடுகிறது? இவற்றை எழுத்திலேயே கேளுங்கள். எழுதிக் கொடுத்த கேள்விக்குத் திட்டக்காரர் பதில் எழுத வேண்டியிருக்கும்.