எந்தக் குழாயை முதலில் மாற்றுவது?

சில வருடங்களுக்கு முன், கார்த்திகை மழைக்கு நடுவில் ஒரு இரவு, திருகோணமலை நகரின் கடலோர ஒழுங்கை ஒன்றில் குழாய் உடைந்து முழங்காலளவு குழிக்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தண்ணீரை இறைத்து மண்ணை ஒதுக்கியபோது எங்கள் நீர்வழங்கல் அலுவலகத்தின் மூத்த பிட்டர் (குழாய் பொருத்துபவர்) டோர்ச்சைக் கிட்டப் பிடித்துக் காட்டினார். “சேர், இந்த இடத்தில இது மூண்டாந்தரம். அந்தா, போன முறை போட்ட கிளாம்ப்.” நாலு எட்டு நடக்கிற தூரத்துக்குள் உடைவைச் சுற்றி இறுக்கும் பழைய கிளாம்ப்கள் இரண்டு, துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தன.

மறுநாள் பழைய வேலைத் தாள்களைத் தேடினேன். ஒழுங்கையின் பெயரும் திகதியும் மட்டும் இருந்தன. எந்த வீட்டுக்கு முன்னால், என்ன வகைக் குழாய், எப்படி உடைந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒழுங்கையின் முழு வரலாறும் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது.

குழாய் மாற்றும் திட்டம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வயதைத்தான். “எத்தனை வருடம் பழசு?” நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் பட்டியல் போட்டேன். ஆனால் ஒரே காலத்தில் போட்ட இரும்புக் குழாய் உவர்மலையின் மேட்டு நிலத்தில் ஒரு மாதிரி இருக்கும், திருக்கடலூர்ப் பக்கம் உப்பு ஊறிய மணலுக்குள் வேறு மாதிரி இருக்கும். உப்பு, இரும்பை வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளே துரு முடிச்சு முடிச்சாகக் கட்டி வழியை அடைக்கிறது. குழாயின் விட்டம் கால் பங்கு சுருங்கினாலே அதில் போகும் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்துவிடும். தெருக்கோடி வீட்டில் நூல்போலத் தண்ணீர் வருவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாயின் கதை வேறு. அது துருப்பிடிக்காது. ஆனால் தண்ணீர் வருடக்கணக்காக அதன் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். உடைந்த ஒரு துண்டை எடுத்து, புதிதாக முறித்த முகத்தில் பினோல்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்போம். சுண்ணாம்பு மிச்சமிருக்கும் இடம் கத்தரிப்பூ நிறமாக மாறும், கரைந்துபோன இடம் அப்படியே சாம்பலாக நிற்கும். ஒரு தடவை ஒரு விரல் தடிப்புச் சுவரில் நடுவே மெல்லிய கோடு மட்டும் நிறம் மாறியது. மற்ற இடத்தை நகத்தால் சுரண்டினால் நனைந்த சோக்குக்கட்டி மாதிரி வந்தது. அந்தக் குழாய் அன்றுவரை ஒரு தடவைகூட உடைந்ததில்லை! (இந்த வகைக் குழாயைக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் வெட்டவே கூடாது, தம்பிமாரே. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நனைத்து, முகமூடி போட்டு, கைவாளால் வெட்டுங்கள்.)

வயதை மட்டும் நம்ப முடியாது, பழைய தாள்களிலும் ஒன்றும் இல்லை. ஆகவே நாங்கள் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பிட்டர்மார் மூன்று பேரை இருத்தி, அவர்கள் நினைவில் இருந்த உடைவுகளை எல்லாம் எழுதினோம். பிறகு நகர வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். புள்ளிகள் அங்கங்கே கொத்துக் கொத்தாக விழுந்தன. இரண்டு பின்னேரத்தில் முடிந்த வேலை. எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்தக் கணினிக் கணிப்பும் செய்யவில்லை. ஆனால் புள்ளி கூடிய அந்த ஒழுங்கைக்கு முதலிடம் கொடுக்கவில்லை. அது உடைந்தால் 12 வீட்டுக்கு அரை நாள் தண்ணீர் நிற்கும். வைத்தியசாலைக்குப் போகும் குழாய் குறைவாகத்தான் உடைந்திருந்தது. உடைந்தால் தாங்க முடியாது. அதை முதலில் வைத்தோம்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கடந்து நமக்கு வருகிறது. சுத்திகரித்து, பம்ப் அடித்து, அவ்வளவு தூரம் கொண்டுவந்த தண்ணீர் மண்ணுக்குள் போவதை நினைத்தால் வயிறு எரிகிறது. 3 மில்லிமீற்றர் துளை ஒன்று, 4 பார் அழுத்தத்தில், நாளொன்றுக்கு 10,000 லீற்றர் அளவில் கக்கும். 4 பேர் உள்ள 20 வீட்டுக்கு அது போதும். மணல் நிலத்தில் இந்தத் தண்ணீர் மேலே வராமலே கீழே இறங்கிவிடும். அதனால்தான் நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், ஊர் உறங்கும்போது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கிறோம். அந்த நேரத்து ஓட்டத்தில் பெரும்பங்கு கசிவுதான். இரவில் அழுத்தத்தைக் குறைத்தாலே ஒரு பங்கு மிச்சம் பிடிக்கலாம், தோண்ட வேண்டியதில்லை.

கசிவில் பணத்தைவிட எனக்குப் பயமானது வேறொன்று. ஒரு அம்மா சொன்னார்: “தம்பி, விடியக்காலமை முதல் வாளித் தண்ணி மணக்குது. பிறகு நல்லா வருது.” இது ஆபத்தான அறிகுறி. தண்ணீர் நிறுத்தி நிறுத்தி வரும்போது குழாய் வெறுமையாகி வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் மலசலகூடக் குழிதான். மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பினால், பக்கத்தில் ஓடும் ஓட்டைக் குழாய்க்குள் எது போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையில் கிடையாக 3 மீற்றர் வேண்டும், தண்ணீர்க் குழாய் மேலேயும் இருக்க வேண்டும். குறுகிய ஒழுங்கையில் அந்த இடைவெளி கிடைக்காது, ஆகவே அங்கே பொருத்துகள் இல்லாமல் உருக்கி ஒட்டும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய்தான் என் தெரிவு.

கழிவுநீர்க் குழாய் தன் சரிவில் ஓடுவது. 100 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கினால், இரண்டு கடலுக்கு நடுவில் தட்டையாகக் கிடக்கும் நம் நகரில் சீக்கிரமே நிலத்தடி நீருக்குள் போய்விடும், பம்ப் நிலையம் தேவைப்படும். அதனால் அதன் ஆழத்தை முதலில் தீர்மானித்து, முதலில் புதைத்து, பிறகுதான் தண்ணீர்க் குழாய், கடைசியில் காப்பெட் வீதி. நடப்பது தலைகீழாக இருக்கிறது. காப்பெட் போட்டு மூன்று மாதத்தில் வெட்டிய வீதியை நான் பார்த்திருக்கிறேன். வால்வு மூடிகள் தாருக்குள் புதைந்து, உடைவு வந்த இரவில் அவற்றைத் தேடியே ஒரு மணி நேரம் போனது. வீதி வேலை தொடங்குகிறது என்று தெரிந்தால் உங்கள் சபை உறுப்பினரிடம் கேளுங்கள்: குழாய்க்காரருக்குச் சொல்லியாயிற்றா? அந்த ஒரு கேள்வி பல இலட்சம் மிச்சம் பிடிக்கும்.

இன்று இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றினால் கசிவு உங்கள் பக்கம், தொட்டி மிதவையையும் கொமோட்டையும் பாருங்கள். சுற்றாமல் இருந்தும் வெயில் காலத்தில் வாசலில் ஒரு இடம் காயாமல் இருக்கிறதா? போனில் படம் எடுத்து, வீட்டு இலக்கத்தோடும் திகதியோடும் நீர்வழங்கல் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். எங்கள் கொப்பியில் அதற்கு ஒரு புள்ளி விழும்.