மரவில்லுக்கு அலங்காரத் தாள்: அழகு கூடும், பலம் கூடாது

கையால் செதுக்கிய வில்லின் முதுகில் பாத்தேக் பூப்போட்ட தாளை ஒட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தாள் ஒட்டிய வில் உடையாது என்ற நம்பிக்கைதான் சிக்கல். நாணை இழுக்கும்போது இலக்கை நோக்கிய பக்கமான முதுகு இழுபடுகிறது. நம்மை நோக்கிய வயிற்றுப் பக்கம் நெரிபடுகிறது. மரம் பெரும்பாலும் முதுகில்தான் பிய்யத் தொடங்கும். மெல்லிய தாள் அதைத் தடுக்காது, கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடும். முழு இழுப்பில் உடையும் வில்லின் துண்டு முகத்துக்கு அருகில்தான் பறக்கும்.

அதனால் முதல் வேலை மரத்தைப் பார்ப்பது. ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் ரப்பர் மரப் பலகை பெரும்பாலும் சிறு துண்டுகளைப் பல்பல்லாகக் கோத்து ஒட்டியது. அதற்கு என்ன தாள் ஒட்டினாலும் அது அலமாரிப் பலகைதான், வில்லாகாது. ஒரே துண்டுப் பலகையிலும் ரேகை கைப்பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். நடுவழியில் ஓரத்துக்குச் சரிந்து வெளியேறினால் பிளவு அங்கேதான் வரும்.

வில்லின் இரு பாதியும் ஒரேபோல் வளையும்படி செதுக்கிச் சமன்செய்து, முழு இழுப்புக்குக் கொண்டுவந்து, 50 முதல் 100 அம்பு எய்து பார்த்த பிறகே தாளைக் கையில் எடுங்கள். எய்த பின் ஒரு பஞ்சுருண்டையை முதுகு முழுக்க, இரு திசையிலும் லேசாகத் தேய்த்து வாருங்கள். சிலும்பு எழும்பிய இடத்தில் பஞ்சு இழை சிக்கும். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் குறுக்குக் கோடு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தாள் வேண்டாம். அந்த வில்லைச் சுவரில் மாட்டலாம்.

தாளில் நீளமான நார் உள்ள மல்பெரித் தாளே மேல். சுமார் 62 x 93 செ.மீ. அளவில் வருவதால் 68 அங்குல வில்லின் ஒரு பாதியை ஒட்டில்லாமல் மூடிவிடும். இரண்டு பட்டைகளும் கைப்பிடியில் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். அங்கே வில் வளையாது, மேலே தோல் சுற்றினால் ஒட்டும் மறையும். 50 x 70 செ.மீ. பரிசுத்தாள் எட்டாது, வளையும் பகுதியில் ஒட்டு வந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் வழுவழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கிறதா? பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பசையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும். இன்க்ஜெட்டில் அச்சடித்த படமென்றால் சாயம் கரையும்.

கஞ்சிப்பசை நம் ஊருக்கு ஒத்துவராது. பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். ஈரம் தாங்கும் மரப்பசையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் போதும். முதுகை 120 உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களை 2 மி.மீ. உருட்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு மரத்தில் மெல்லிய பூச்சு கொடுங்கள். தாளின் நாரோட்டம் வில்லின் நீளத்தோடு போக, கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கிப் படியவிட்டு, பழைய ஏடிஎம் அட்டையால் காற்றைத் தள்ளுங்கள். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் இழுத்தால் தாள் கிழியும். இரு பக்கமும் 5 மி.மீ. மிச்சம் விட்டிருந்தால், காய்ந்த பின் 180 உப்புத்தாளைக் கீழ்நோக்கி மட்டும் இழுக்க, ஓரம் கத்தி வைத்ததுபோல் அறுபடும். வயிற்றுப் பக்கம் மடித்து ஒட்டினால் அங்கே மரம் நெரிபடும்போது தாள் சுருக்கம் விழுந்து உரியும்.

பலர் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் பசையின் தண்ணீர் மரத்துக்குள் போயிருக்கும். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், திறந்தவெளியில் மரத்தின் ஈரம் 15, 16 விழுக்காட்டில் நிற்கும். வில்லுக்கு 8 முதல் 10 நல்லது. ஈர மரத்தை வளைத்தால் வளைந்தபடியே தங்கிப்போகும், வேகமும் குறையும். வில்லைக் குளிரூட்டிய அறையில் வைத்து, சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே எடை காட்டிய பிறகு நாண் ஏற்றலாம். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

மேல்பூச்சில் எண்ணெய் வேண்டாம், தாள் கறைபட்டதுபோல் ஒளி ஊடுருவும். ஷெல்லாக்கை மழைநாளில் பூசினால் வெளுத்துப்போகும். நெகிழும் தன்மையுள்ள வார்னிஷை மூன்று முறை மெல்லிசாகப் பூசினால் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள். மரப்பசை சூட்டில் இளகி, ஓரம் தூக்கும்.

தாளின்மேல் நீளவாக்கில் ஓரம் மட்டும் தூக்கினால் பசை வைத்து அழுத்தலாம். குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அடியில் மரம் பிய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே நாணைக் கழற்றி, அந்த இடத்துத் தாளை உரித்துப் பாருங்கள். மேலே இன்னொரு தாள் ஒட்டி மறைத்தால் அடுத்த இழுப்பு எதில் முடியும் என்று சொல்ல முடியாது.